சேர்வர் அனுப்பும் எண்கள்: 404, 503, 301 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சில கடைகளுக்கும் சங்கங்களுக்கும் வெப்சைட் பராமரித்துக் கொடுக்கிறேன். கடைக்காரர், அவருடைய வாடிக்கையாளர், பரீட்சைப் பெறுபேறு பார்க்க வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று யார் கூப்பிட்டாலும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: திரையில் ஒரு எண் வந்திருக்கிறது, இப்ப என்ன செய்வது? கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில்களை எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் சில முன்னால் சொன்னவற்றை வைத்துப் போகின்றன. அதனால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

தம்பி, இந்த மூன்று இலக்க நம்பர் என்னது? ஆர் அனுப்புறது?

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் பிரவுசர் அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் கணினியிடம், அதாவது சேர்வரிடம், ஒரு கோரிக்கை அனுப்புகிறது. சேர்வர் தன் பதிலின் தொடக்கத்திலேயே மூன்று இலக்க எண் ஒன்றை வைத்து அனுப்பும். கேட்டது கிடைத்ததா, இடம் மாறிவிட்டதா, கிடைக்கவில்லை என்றால் ஏன் என்பதை அந்த எண் சொல்கிறது. இதற்கு நிலைக் குறியீடு என்று பெயர்.

இதில் முக்கியமானது, எண்ணை அனுப்புவது சேர்வர் என்பதுதான். எண் ஒன்று வந்துவிட்டது என்றால் உங்கள் போனும் டேட்டாவும் இணைப்பும் ஏதோ ஒரு சேர்வர் வரை போய்ப் பதிலோடு திரும்பிவிட்டன என்று பொருள். 404 ஐப் பார்த்து டேட்டா முடிந்துவிட்டது என்று ரீலோட் போட்டவர்கள் இருக்கிறார்கள். 503 வந்ததற்காகப் போனைக் கடைக்குக் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே வீண் செலவு. அந்தக் காசு மிஞ்சவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதல் இலக்கத்தைப் பார்த்தாலே விளங்கும் எண்டு சொல்றாங்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான். 1 இல் தொடங்கினால் வேலை இன்னும் நடக்கிறது. அது உங்கள் கண்ணில் படுவது அரிது. 2 என்றால் சரி, கேட்டது நடந்தது. 3 என்றால் வேறு முகவரிக்குப் போ, அல்லது உன்னிடம் ஏற்கெனவே இருப்பதையே பயன்படுத்து. 4 என்றால் கேட்ட கோரிக்கையில் ஏதோ சரியில்லை. 5 என்றால் கோரிக்கையில் குறையில்லை, சேர்வரால்தான் நிறைவேற்ற முடியவில்லை.

4 க்கும் 5 க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமாவது எல்லோரும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். 4 வந்தால் அதே கோரிக்கையை அப்படியே திரும்ப அனுப்பிப் பெரும்பாலும் பயனில்லை. முகவரியைத் திருத்துவது, லொகின் செய்வது, சற்றுப் பொறுப்பது என்று உங்கள் பக்கத்தில் ஏதாவது மாறவேண்டும். 5 வந்தால் சரிசெய்யவேண்டியவர் சேர்வர் பக்கத்தில் இருக்கிறார். ஆனால் 4 என்பதற்காக உங்கள் மீது குற்றம் என்று நினைக்காதீர்கள். கடைக்காரர் பக்கத்தை அழித்துவிட்டு லிங்கை மட்டும் விட்டு வைத்தாலும் உங்களுக்கு 404 தான் வரும்.

எல்லாம் சரியா வேலை செய்யேக்க நம்பர் ஒண்டும் வாறேல்லையே?

வருகிறது, பிரவுசர் காட்டுவதில்லை. ஒழுங்காகத் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு 200 இருக்கிறது. ஒரு வீடியோவை நடுவிலிருந்து பார்க்கத் தொடங்கினால் முழுக் கோப்பும் வராமல் ஒரு துண்டு மட்டும் வரும், அதற்கு எண் 206. பாதியில் நின்ற டவுன்லோட் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் இதனால்தான்.

அந்த நம்பரை நான் எப்படிப் பார்க்கிறது?

கணினியில் குரோம் அல்லது ஃபயர்பொக்ஸ் என்றால் எஃப் 12 விசையை அழுத்தி, நெட்வேர்க் என்ற பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். வரிசையாகப் பல வரிகள் விழும். ஒரு பக்கம் என்று நாம் நினைப்பது உண்மையில் பல கோரிக்கைகள்: படத்துக்கு ஒன்று, எழுத்துருவுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். வழக்கமாக மேலே முதலில் வருவதுதான் பக்கத்தின் எண்.

இதைப் பார்த்துப் பழகினால் நிறைய விஷயம் தெளியும். "வெப்சைட் திறக்குது, படம் மட்டும் இல்லை" என்பார்கள். பார்த்தால் பக்கம் 200, படம் 404. அப்புறம் தேடவேண்டியது அந்த ஒரு படத்தின் முகவரியைத்தான். போனில் இந்த வசதி கைக்கெட்டும் இடத்தில் இல்லை. கணினி வைத்திருப்பவரிடம் லிங்கை அனுப்பிப் பார்க்கச் சொல்வது எளிது.

404 வந்தா அந்த வெப்சைட்டே போயிட்டுதா?

இல்லை. வெப்சைட் இருப்பதால்தான் 404 என்று பதில் சொல்ல முடிகிறது. நீங்கள் கேட்ட அந்த முகவரியில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். முதலில் முகவரியைப் பாருங்கள். வட்ஸ்அப்பில் வந்த லிங்க் பாதியில் அறுந்திருக்கலாம், கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியோ அடைப்புக்குறியோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளதை அழித்துவிட்டு ஒரு படி மேலே போய்ப் பார்த்தால் தேடியது அகப்படுவதும் உண்டு.

வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் விண்டோஸ் கணினியில் சரியாகத் தெரிந்த படம் ஹோஸ்டிங்கில் (வெப்சைட்டை வைக்க வாடகைக்கு எடுத்த சேர்வரில்) ஏற்றியதும் 404 ஆகிறது என்றால், கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான ஹோஸ்டிங் சேர்வர்களில் ஓடும் லினக்ஸ் வேறுவேறாக எடுக்கும்.

404 எண்டது ஏதோ ஒரு ஒஃபிஸ் அறையின்ர நம்பராமே?

சுவிட்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆய்வகத்தில் 404 ஆம் அறையில் முதல் சேர்வர் இருந்தது என்ற கதை நெடுங்காலமாகச் சுற்றுகிறது. அது வெறும் கதை. முதல் இலக்கம் 4, கோரிக்கையின் பக்கம். அந்த வரிசையில் 400, 401, 402, 403 க்கு அடுத்து வருவது 404.

வெப்பை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ அங்கே 1991 இல் வெளியிட்ட, பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறையின் முதல் வடிவத்தில் இப்படி எண்களே கிடையாது. பிழை என்றால் அதைச் சொல்லும் ஒரு பக்கம் வரும், வாசித்துத் தெரிந்துகொள்ளவேண்டியதுதான். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதி வைக்கும் ஆவண வரிசைக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர்; 1996 மே மாதம் வந்த ஆர்.எஃப்.சி. 1945 இல் இந்த எண்கள் இருந்தன. கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. போன்ற பழைய முறைகளில் மூன்று இலக்கப் பதில் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. இப்போது நடப்பிலுள்ள வரையறை 2022 ஜூனில் வந்த ஆர்.எஃப்.சி. 9110.

403 வருது. என்னை பிளொக் பண்ணிட்டாங்களா அண்ணா?

பிளொக் பண்ணியும் இருக்கலாம், ஆனால் அதுவே முதல் சந்தேகமாக இருக்கவேண்டியதில்லை. 401 ஐயும் 403 ஐயும் சேர்த்துப் பாருங்கள். 401 என்றால் "நீங்கள் யார் என்று தெரியவில்லை, அடையாளம் காட்டுங்கள்". நீண்ட நேரம் திறந்து வைத்த பக்கத்தில் லொகின் காலாவதியானாலும் இது வரும். திரும்ப லொகின் செய்தால் சரி. 403 என்றால் "கேட்டது விளங்கியது, ஆனால் தரமாட்டேன்". லொகின் செய்த பிறகும் 403 வந்தால் உங்கள் கணக்குக்கு அந்த அனுமதி இல்லை. வி.பி.என். போட்டிருந்தால் நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், சில தளங்கள் வி.பி.என். முகவரிகளை ஏற்பதில்லை. நேற்று வரை திறந்த பொதுப் பக்கம் இன்று எல்லோருக்கும் 403 என்றால் சேர்வரில் யாரோ கோப்பின் அனுமதிகளை மாற்றியிருக்கலாம்.

சில இடங்களில் 403 சொல்லவேண்டியதற்கு வேண்டுமென்றே 404 சொல்வார்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒருவரின் தனிப்பட்ட களஞ்சியத்தை அனுமதியில்லாதவர் திறந்தால் 404 தான் வரும். "தரமாட்டேன்" என்று சொன்னால் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்துவிடும் என்பதற்காக. ஆகவே "எனக்குத் திறக்குது, அவருக்கு 404" என்றால் அனுமதியையும் சந்தேகியுங்கள்.

பெறுபேறு வந்த அண்டைக்கு விடிய விடிய 503. எத்தினை தரம் அமத்தினாலும் அதேதான். நான் என்ன செய்யவேணும்?

அமத்துவதை நிறுத்தவேண்டும். இதைக் கோபித்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் பதற்றம் எனக்குத் தெரியும். 503 என்றால் சேர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் இந்த நேரத்தில் உங்களைக் கவனிக்க முடியவில்லை. உயர்தரப் பெறுபேறு வெளியாகும்போது நாடு முழுவதும் பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர், வெளிநாட்டிலுள்ள சித்தப்பாமார் எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டெண்ணைத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு ரீஃப்ரெஷும் புதிய கோரிக்கை. நீங்கள் பழைய பக்கத்தை விட்டுவிட்டாலும் அதற்காகச் சேர்வர் தொடங்கிய வேலை பல நேரங்களில் ஓடிக்கொண்டே இருக்கும். அமத்த அமத்த வரிசை நீளுகிறது.

503 உடன் "இத்தனை விநாடி கழித்து வா" என்றோ, இன்ன நேரத்துக்கு வா என்றோ ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பச் சேர்வருக்கு வசதி உண்டு. திரையில் அப்படி ஒரு நேரம் காட்டினால் அதை நம்புங்கள். காட்டாவிட்டால் அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். குறுஞ்செய்தி வழியாகப் பெறும் வசதி அறிவித்திருந்தால் அதை முயலுங்கள். பெறுபேறு எங்கும் போய்விடாது. காலை எட்டு மணிக்குப் பார்த்தாலும் இரவு பார்த்தாலும் அதே பெறுபேறுதான்.

இப்படிப்பட்ட தளத்தை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரப்போகும் கூட்டம் முன்கூட்டியே தெரிந்த கூட்டம். வெறும் 503 ஐ விட்டுவிடாமல், மூன்று மொழியிலும் "அதிகமானோர் பார்க்கிறார்கள், இன்ன நேரத்துக்குப் பின் வாருங்கள்" என்று எழுதிய ஒரு சின்னப் பக்கத்தை அதோடு அனுப்பினால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

நான் ஒருக்காத்தான் அமத்தினன். 429, "அளவுக்கு அதிகமான கோரிக்கைகள்" எண்டு வருது. இது நியாயமா?

உங்கள் பார்வையில் நியாயமில்லைதான். 2012 இல் ஆர்.எஃப்.சி. 6585 கொண்டுவந்த எண் இது, அளவுக்கு மீறிக் கேட்பவரைத் தடுப்பதற்கானது. ஆனால் பல சேர்வர்கள் ஆளை எண்ணுவதில்லை, ஐ.பி. முகவரியை, அதாவது இணைப்புக்குரிய எண் முகவரியைத்தான் எண்ணுகின்றன. ஒரு போர்டிங்கில் பத்துப் பேர் ஒரே வைஃபையில் இருந்தால் வெளியே பத்துப் பேருக்கும் ஒரே முகவரி. மொபைல் நிறுவனங்களும் ஒரு முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதுண்டு. பக்கத்தில் இருப்பவர் அமத்தியது உங்கள் கணக்கில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், அல்லது வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள்.

502, 503, 504 எல்லாம் ஒண்டுதானே? எல்லாத்திலயும் வெப்சைட் வேலை செய்யேல்ல.

பார்ப்பவருக்கு ஒன்றுதான், திருத்துபவருக்கு அல்ல. இன்றைக்கு ஓரளவு பெரிய வெப்சைட் எதுவும் ஒரே சேர்வரில் நிற்பதில்லை. முன்னால் ஒன்று கோரிக்கையை வாங்கிப் பின்னால் உள்ள இன்னொன்றிடம் கொடுத்துப் பதில் வாங்கித் தரும். புறக்கோட்டையில் மொத்தக் கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள்: கவுண்டரில் நிற்கும் பையனிடம் கேட்டால் அவன் பின்னால் ஸ்டோருக்கு ஆள் அனுப்புவான். "இப்ப சரியான கூட்டம், பிறகு வாங்க" என்று கவுண்டரிலேயே சொன்னால் 503. ஸ்டோரிலிருந்து தலைகால் புரியாத பதில் வந்தால், அல்லது ஸ்டோர்க் கதவே பூட்டியிருந்தால் 502. அனுப்பிய ஆள் குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் 504.

502 பெரும்பாலும் பின்னாலுள்ள நிரல் விழுந்து கிடக்கிறது என்பதற்கு அடையாளம். 504 என்றால் அது உயிரோடு இருக்கலாம், மெதுவாக இருக்கிறது. தரவுத்தளத்தில் ஏதோ ஒரு தேடல் இழுத்துக்கொண்டிருக்கும்.

லைட் பில் ஒன்லைன்ல கட்டேக்க 504 வந்திட்டுது. காசு போட்டுதா இல்லையா? திருப்பிக் கட்டட்டா?

உடனே திருப்பிக் கட்டவேண்டாம். போன பதிலில் சொன்னபடி, 504 என்றால் முன்னால் நின்றவர் பொறுமை இழந்துவிட்டார், அவ்வளவே. பின்னால் வேலை நடந்ததா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. என்ஜின்எக்ஸ் என்ற முன்சேர்வர் வழக்கமான அமைப்பில் பின்னாலிருந்து ஒன்றும் வராவிட்டால் 60 விநாடி பொறுக்கும். வங்கிப் பக்கத்திலிருந்து "கழித்தாயிற்று" என்ற பதில் 63 ஆவது விநாடியில் வந்தால், 60 ஆவது விநாடியிலேயே உங்கள் திரையில் 504 விழுந்திருக்கும். காசு போயிருக்கும், ரசீது வந்திருக்காது.

முதலில் வங்கிக் குறுஞ்செய்தி வந்ததா பாருங்கள். அதோடு நில்லாமல் வங்கிச் செயலியில் அண்மைய பரிவர்த்தனைகளையும் பாருங்கள், குறுஞ்செய்தி பிந்தலாம். கழிபடவில்லை என்று சற்று நேரம் கழித்தும் உறுதியானால் மீண்டும் கட்டலாம். கழிபட்டும் பில்லில் ஏறவில்லை என்றால் நேரம், தொகை, பரிவர்த்தனை இலக்கம் மூன்றையும் குறித்துக்கொண்டு வங்கியிடம் பேசுங்கள். அந்த 504 பக்கத்தில் மட்டும் ரீஃப்ரெஷ் அமத்தாதீர்கள். "படிவத்தை மீண்டும் அனுப்பவா?" என்று பிரவுசர் கேட்கும். ஆம் என்றால் அதே கட்டணம் இரண்டாம் தரம் போகக்கூடும். 500, 502 வந்தாலும் இதே கவனம் வேண்டும்.

கட்டணப் பக்கம் எழுதும் தம்பி தங்கச்சிமார் ஒன்றைக் கட்டாயம் செய்யவேண்டும். ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் தனியொரு அடையாள இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் இரண்டாம் தரம் வந்தால் புதிதாகக் கழிக்காமல் பழைய முடிவையே திருப்பிச் சொல்ல வையுங்கள். 504 வராமல் யாராலும் தடுக்க முடியாது, ஒருவரின் காசு இரண்டு தரம் போகாமல் தடுக்க முடியும்.

500 வந்தா நான் செய்யக்கூடியது ஏதும் இருக்கா?

பார்ப்பவர் என்றால் ஒன்றுமில்லை; நடத்துபவருக்குச் சொல்லலாம். நடத்துபவர் என்றால் சேர்வரின் பிழைப் பதிவேட்டைத் திறவுங்கள். 500 என்பது "உள்ளே ஏதோ உடைந்தது" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாத எண், விபரம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். வேர்ட்பிரஸில் கட்டிய வெப்சைட் என்றால் கடைசியாக அப்டேட் செய்த பிளகினில் (கூடுதல் வசதிக்காகச் சேர்த்த துணை நிரலில்) இருந்து தேடத் தொடங்குங்கள்.

வேலை செய்யேல்ல எண்டு சொன்னா ஹோஸ்டிங்காரர் "எங்களுக்கு வேலை செய்யுது" எண்டு சொல்லிப் போனை வைக்கிறார். எப்படிச் சொல்றது?

"வேலை செய்யவில்லை" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் தேட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்று பிற்பகல் 2.14 க்கு, தொடர்பு கொள்ளும் பக்கத்தில் படிவத்தை நிரப்பி அனுப்பியபோது 502 வந்தது. முகப்புப் பக்கம் திறக்கிறது. வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் அப்படித்தான்." முகவரியை அப்படியே ஒட்டி, ஸ்கிரீன்ஷொட் ஒன்றையும் இணையுங்கள். நேரம் மிக முக்கியம், அதை வைத்துத்தான் பதிவேட்டில் அந்த வரியைக் கண்டுபிடிக்கிறார்கள். இவ்வளவும் கையில் இருந்தால் அவர் மறுக்க இடமில்லை, தேடவும் அவருக்கு இலகு.

நம்பரே வராம, "இந்தத் தளத்தை அடைய முடியவில்லை" எண்டு மட்டும் வந்தா?

அது சேர்வரின் பதில் அல்ல, பிரவுசரின் சொந்தச் செய்தி. முதல் பதிலில் சொன்னதைத் திருப்பிப் போடுங்கள்: எண் இல்லை என்றால் எந்தச் சேர்வரும் பதில் தரவில்லை. டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கலாம், புதுப்பிக்க மறந்த டொமைனுக்கு இது நடக்கும். உங்கள் இணைப்பே அறுந்திருக்கலாம். இன்னொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்காவிட்டால் மட்டுமே டேட்டாவையும் ரவுட்டரையும் பாருங்கள்.

"உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்ற எச்சரிக்கைக்கும் எண் கிடையாது. பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்ப்பது கோரிக்கை அனுப்புவதற்கு முந்திய படி, அங்கேயே நின்றுவிட்டது. போனின் திகதி தவறாக இருந்தாலும் இது வரும். வங்கித் தளத்தில் இந்த எச்சரிக்கை வந்தால் ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

522 எண்டு வருது. உங்கட பட்டியல்ல அது இல்லையே?

பொதுப் பட்டியலிலும் இல்லை. 520 முதல் வரும் சில எண்கள், தளங்களுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் கிளவுட்ஃபிளேயர் நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்டவை. 521 என்றால் பின்னாலுள்ள சேர்வர் இணைப்பை ஏற்க மறுத்தது, 522 என்றால் இணைக்க முயன்று நேரம் கடந்துவிட்டது. தெரியாத எண் ஒன்றைக் கண்டால் அந்த வகையின் முதல் எண்ணாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்று வரையறையே சொல்கிறது: 522 ஐ 500 போல, 499 ஐ 400 போல. நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வெப்சைட்ல சாரி விலை மாத்திட்டன். கஸ்டமருக்குப் பழைய விலை தெரியுது, 304 எண்டு காட்டுது. ஏன்?

304 என்றால் "நீ போனமுறை வாங்கிப் போனது இன்னும் மாறவில்லை, அதையே காட்டு". முழுப் பக்கமும் மறுபடி வராததால் டேட்டா மிச்சமாகும், நல்ல ஏற்பாடு. ஆனால் விலை மாறியும் 304 வருகிறது என்றால் சேர்வரே மாறவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறது. குற்றவாளி பெரும்பாலும் பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளகின், அல்லது முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேயர் போன்ற சேவை. அங்கே போய்க் கேஷை அழியுங்கள். வாடிக்கையாளரிடம் "உங்கட போன்ல ஹிஸ்டரியை அழியுங்கோ" என்று சொல்வது முறையல்ல. ஒருவருக்குச் சொல்லலாம், எல்லோருக்கும் சொல்ல முடியுமா?

கடைக்குப் புது டொமைன் எடுத்திட்டம். 301 போடுறதா, 302 போடுறதா?

நிரந்தரமாக மாறுகிறீர்கள் என்றால் முடிவில் 301. முதல் இரண்டு மூன்று நாள் 302 போட்டு எல்லாப் பக்கமும் சரியாகப் போகிறதா பார்த்துவிட்டுப் பிறகு 301 ஆக்குங்கள். 302 தற்காலிகம், பிரவுசர் ஒவ்வொரு முறையும் பழைய முகவரியைக் கேட்டுவிட்டே போகும். 301 ஐ நினைவில் வைத்துக்கொள்ளும். பிழையான முகவரிக்கு 301 போட்டுவிட்டுப் பிறகு திருத்தினாலும், ஏற்கெனவே வந்துபோனவரின் பிரவுசர் பழைய பிழைக்கே போய்க்கொண்டிருக்கும். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர் பெயர்ப்பலகை, பில் புத்தகம் எல்லாவற்றிலும் பழைய முகவரியை அச்சிட்டிருப்பார். ஆகவே பழைய டொமைனை உடனே கைவிடாமல் சில வருடங்களுக்குப் புதுப்பித்து 301 ஐ வைத்திருக்கச் சொல்லுவேன். டொமைன் ".இலங்கை" என்று தமிழில் முடிந்தாலும் விதி இதேதான்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, படிவங்கள். 301, 302 இரண்டிலும் பிரவுசர்கள் நிரப்பிய விபரங்களைக் கைவிட்டு வெறும் பக்கத்தை மட்டும் கேட்கும் பழக்கம் உண்டு. விபரங்களோடு போகவேண்டுமானால் 308, தற்காலிகமென்றால் 307. மற்றது, சுற்று. கிளவுட்ஃபிளேயரில் சேர்வரைப் பாதுகாப்பில்லாத முகவரியில் கேட்கும் "ஃபிளெக்சிபிள்" என்ற அமைப்பை வைத்துவிட்டு, சேர்வரிலும் பாதுகாப்பான முகவரிக்குத் திருப்பிவிட்டால் இருவரும் மாறி மாறித் தள்ளுவார்கள். குரோம் 20 தரம் சுற்றிப் பார்த்துவிட்டு "அளவுக்கு அதிகமாகத் திருப்பி அனுப்பியது" என்று நிறுத்தும்.

இல்லாத பக்கத்துக்கு வாறவரை முகப்புக்கே அனுப்பிவிட்டா நல்லந்தானே? 404 அசிங்கமாயிருக்கு.

நல்லதல்ல. நீல நிறச் சாரி ஒன்றின் லிங்கை அமத்தியவர் சம்பந்தமில்லாமல் முகப்பில் வந்து நின்றால் என்ன நடந்தது என்றே அவருக்கு விளங்காது. கூகுளும் இதையும், "பக்கம் இல்லை" என்று எழுதிவிட்டு 200 அனுப்புவதையும் போலியான "சரி" என்றே எடுத்துக்கொள்ளும். அதன் பேச்சில் "சொஃப்ட் 404". 404 என்றே அனுப்புங்கள், ஆனால் பக்கத்தை அழகாகச் செய்யுங்கள்: தமிழில் இரண்டு வரி, தேடும் பெட்டி, கடையின் தொலைபேசி இலக்கம். ஒரு பொருளை இனி எப்போதும் விற்கப்போவதில்லை என்றால் 410 அனுப்பலாம், "இருந்தது, நிரந்தரமாக எடுத்தாயிற்று" என்று பொருள்.

அரசாங்கம் தடை செய்தா அதுக்கும் நம்பர் இருக்காமே?

451, சட்டக் காரணத்தால் தரமுடியாது. 2016 இல் ஆர்.எஃப்.சி. 7725 வழியாக வந்தது. புத்தகங்களை எரிக்கும் உலகைப் பற்றிய ஒரு நாவலின் தலைப்பிலிருந்து எடுத்த எண். ஆனால் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இங்கே சமூக ஊடகங்களை முடக்கியது போன்ற தடைகள் வேறு வகை. இணைப்பையே இடையில் வெட்டும்போது கோரிக்கை அந்தத் தளத்தின் சேர்வரை எட்டுவதில்லை. 451 அனுப்ப ஆளில்லை. தடுப்பவர் தடுக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லும்போது மட்டும் வரும் எண் அது. அப்படிச் சொல்வதே ஒரு குறைந்தபட்ச நேர்மை என்று நினைக்கிறேன்.

படத்துக்கு "கொழும்பு" எண்டு தமிழ்ல பேர் வச்சு ஏத்தினன். என்ர மெக்ல தெரியுது, வெப்சைட்ல 404. எழுத்துப் பிழையே இல்லை!

பிழை இல்லைதான், ஆனாலும் சேர்வருக்கு அவை இரண்டு பெயர்கள். எழுத்துகளைக் கணினியில் குறியீடுகளாகச் சேமிக்கும் யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறியீடு. அல்லது ககரத்துக்குப் பின் ஒற்றைக்கொம்பு, அதன்பின் கால் என்று இரண்டு குறியீடுகள். திரையில் இரண்டும் ஒரே எழுத்து. முதல் முறையில் "கொழும்பு" 8 குறியீடுகள், இரண்டாவதில் 9. முகவரியில் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகும். ஆக ஒரே சொல் ஒரு முறையில் 72 எழுத்து, மறுமுறையில் 81. மெக் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் பைட் பைட்டாக ஒப்பிட்டு, இல்லை என்று 404 அனுப்பும். கோ, கொ, கௌ வரிசைகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

கோப்பை ஏற்றுமுன் பெயரை என்.எஃப்.சி. என்ற சேர்த்த வடிவத்துக்கு மாற்றுவது ஒரு வழி. "கௌரி" போன்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடித்திருந்தால் அதுவும் திருத்தாது, கையால்தான் திருத்தவேண்டும். கடை வெப்சைட்டுக்கு நான் செய்வது இன்னும் எளிது: படக் கோப்புக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தில் பெயர், படத்தின் விளக்கத்திலும் தலைப்பிலும் நல்ல தமிழ். தேடுபொறி அந்த விளக்கத்தையும் படிக்கிறது, பார்வையற்றோரின் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டுவதும் அதைத்தான். தமிழ்ப் பெயரோடு லிங்க் ஏற்கெனவே வெளியே பரவியிருந்தால், அதன் 72 எழுத்து வடிவம், 81 எழுத்து வடிவம் இரண்டுக்கும் தனித்தனியாக 301 போடுங்கள்.